பொய் வழக்கு கட்டப்பட்ட விதம்: ‘ஜஸ்ட் மெர்சி’ படம் சொன்னதும் சொல்லாததும்

2020 ஜூன் மாதம் முழுக்க ‘ஜஸ்ட் மெர்சி’ படத்தை அமெரிக்காவில் யார் வேண்டுமானாலும் வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று வார்னர் பிரதர்ஸ் அறிவித்தது. மினியாபொலிஸ் தெருவில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தை ஒரு போலீஸ்காரர் முழங்காலால் அழுத்திக் கொன்று சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஊர் ஊராகப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. கொரோனாவால் தியேட்டர்கள் பூட்டிக் கிடந்தன. ஜனவரியில் திரைக்கு வந்து, ஏப்ரலில் டிஸ்க்காகவும் வெளியாகிவிட்ட படம், அந்த மாதத்தில் மறுபடியும் பேச்சுக்கு வந்தது.

டெஸ்டின் டேனியல் கிரெட்டன் இயக்கிய இந்த 2 மணி 17 நிமிடப் படத்தில் வக்கீல் பிரையன் ஸ்டீவன்சனாக மைக்கேல் பி. ஜோர்டனும், செய்யாத கொலைக்காக மரண தண்டனை பெற்ற வால்டர் மெக்மில்லியனாக ஜேமி ஃபாக்ஸும் நடித்திருக்கிறார்கள். ஸ்டீவன்சன் 2014-ல் வெளியிட்ட நினைவுக் குறிப்புகளே படத்துக்கு மூலம். பார்த்தவர்கள் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: இவ்வளவு பச்சையான பொய் எப்படி ஒரு கோர்ட்டில் நின்றது?

இனவெறி என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம். அது உண்மையும்கூட. ஆனால் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொண்டால், கெட்ட மனசுக்காரர் நாலு பேர் சேர்ந்து செய்த அநியாயம் என்ற அளவில் கதை முடிந்துவிடும். மெக்மில்லியன் வழக்கின் ஆவணங்கள் காட்டுவது அதைவிட மோசமான ஒன்று. நிரபராதியைக் காப்பாற்றச் சட்டம் வைத்திருந்த ஒவ்வொரு தடுப்பும் அந்த வழக்கில் இருந்தது. ஒவ்வொன்றையும், பார்வைக்குச் சட்டப்படி நடப்பதுபோலவே, ஒவ்வொரு அதிகாரி தாண்டிப் போனார்.

ஊரும் கொலையும்

‘மன்ரோவில்’ என்பது அலபாமா மாநிலத்தின் சின்ன ஊர். நாவலாசிரியர் ஹார்ப்பர் லீ பிறந்து வளர்ந்த ஊர். பொய்க் குற்றம் சாட்டப்பட்ட கறுப்பருக்காக ஒரு வெள்ளை வக்கீல் வாதாடும் அவருடைய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்ற புகழ்பெற்ற நாவலுக்கு இந்த ஊர்தான் முன்மாதிரி. பழைய கோர்ட் கட்டடத்தை அந்த நாவலுக்கான மியூசியமாக்கி, ஊரே அதைப் பெருமையோடு காட்டிக்கொள்கிறது. படத்தில் மாவட்ட அரசு வழக்கறிஞர் டாமி சாப்மன், முதல் சந்திப்பிலேயே ஸ்டீவன்சனிடம் அந்த மியூசியத்தைப் போய்ப் பார்க்கச் சொல்கிறார். அது திரைக்கதைக்காகச் சேர்த்த நயமாகத் தோன்றலாம். ஊரின் பெருமை அப்படித்தான் இருந்தது.

1986 நவம்பர் 1, சனிக்கிழமை. ஊர் நடுவில் இருந்த சலவைக் கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த 18 வயது வெள்ளையினப் பெண் பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாதங்கள் ஓடின, ஒருவரும் பிடிபடவில்லை. ஷெரீஃப் டாம் டேட் பதவிக்குப் புதியவர். அமெரிக்கக் கவுண்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பிரிவு அது) ஷெரீஃப் என்பவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் போலீஸ் தலைவர். அலபாமாவில் அரசு வழக்கறிஞரும் அப்படித்தான், நீதிபதியும் அப்படித்தான். கொலையாளியைப் பிடிக்காத ஷெரீஃப் அடுத்த முறை அதே ஜனங்களிடம்தான் ஓட்டுக் கேட்டுப் போக வேண்டும். வழக்கின் ஒவ்வொரு திருப்பத்திலும் இந்த ஓட்டுக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வால்டர் மெக்மில்லியனுக்கு அப்போது 45 வயது. காகித ஆலைகளுக்கு மரம் வெட்டி அனுப்பும் சொந்தத் தொழில். கறுப்பர்கள் பெரும்பாலும் கூலிக்கு உழைத்த ஊரில், தனக்கென டிரக்கும் இயந்திரமும் வைத்துக்கொண்டு யாருக்கும் கைகட்டி நிற்காமல் பிழைத்தவர். பெரிய குற்றப் பின்னணி எதுவும் கிடையாது. ஊர் மன்னிக்காத காரியம் ஒன்று உண்டு: திருமணமான அவருக்கு வெள்ளையினப் பெண் ஒருவரோடு தொடர்பு இருந்தது. கறுப்பரும் வெள்ளையரும் மணப்பதைத் தடுக்கும் சட்டங்கள் செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967-லேயே சொல்லிவிட்டது. ஆனாலும் அந்தத் தடை அலபாமா அரசியல் சாசனத்தின் பக்கங்களில் 2000 வரை அப்படியே அச்சில் இருந்தது. அந்த வருடம் ஓட்டெடுப்பு நடத்தித்தான் நீக்கினார்கள். அப்போதும் பத்தில் நாலு பேர் நீக்கக் கூடாது என்று ஓட்டுப் போட்டார்கள்.

அப்ரூவரும் ஒரு டிரக்கும்

வழக்கின் அச்சாணி ரால்ஃப் மயர்ஸ் என்ற வெள்ளைக்காரர். ஏற்கெனவே குற்றப் பின்னணி உள்ளவர், பக்கத்துக் கவுண்டியில் நடந்த இன்னொரு கொலையில் விசாரணையில் இருந்தவர். நெருக்கி விசாரித்தபோது மெக்மில்லியன் பெயரைச் சொன்னார். அவர் சொன்ன கதை இது: தனக்குக் கை வலிக்கிறது, நீ டிரக்கை ஓட்டு என்று மெக்மில்லியன் அவரைக் கட்டாயப்படுத்திச் சலவைக் கடைக்கு ஓட்டிவரச் செய்தார், உள்ளே போய்க் கொலை செய்தார், மறுபடி அவரையே ஓட்டச் சொல்லித் திரும்பினார். பட்டப்பகலில் கொலை செய்யப் போகிறவர் முன்பின் தெரியாத ஒருவரைக் கூடவே சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போவாரா என்று யாரும் கேட்கவில்லை. ஸ்டீவன்சன் பதிவுசெய்திருப்பதன்படி, கைதுக்கு முன் இருவரையும் ஒரு கடையில் சந்திக்க வைத்துச் சோதித்தபோது, மெக்மில்லியன் யார் என்றே மயர்ஸுக்குத் தெரியவில்லை. கடைக்காரரைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

படம் வேகமாகக் கடந்துவிடும் ஒரு விஷயம் இங்கே இருக்கிறது. குற்றத்தில் கூட இருந்தவன் சொல்லும் சாட்சியத்தை மட்டும் வைத்து யாரையும் பெருங்குற்றத்தில் தண்டிக்கக் கூடாது என்பது அலபாமாவின் எழுதப்பட்ட சட்டம். நம் கோர்ட்டுகளும் அப்ரூவர் சாட்சியத்தை மட்டும் நம்பித் தண்டிப்பதில்லை என்பதை வழக்கமாக வைத்திருக்கின்றன. அதை உறுதிப்படுத்த வேறு ஆதாரம் வேண்டும். ஆக, மயர்ஸ் மட்டும் போதாது. மெக்மில்லியனின் டிரக் கதைக்குள் வந்தது இதற்காகத்தான்.

அவருடைய டிரக் தரையை ஒட்டித் தாழ்த்தி மாற்றியமைக்கப்பட்டது, ‘லோ ரைடர்’ என்பார்கள். ஊரில் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். மயர்ஸ் சொன்ன சம்பந்தமில்லாத இன்னொரு புகாரின் பேரில் 1987 ஜூனில் மெக்மில்லியனைக் கைது செய்தார்கள். டிரக்கைக் கைப்பற்றிச் சிறை வளாகத்துக்குக் கொண்டுவந்தார்கள். உள்ளே இருந்த கைதி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, கொலை நடந்த அன்று சலவைக் கடைப் பக்கம் பார்த்தது இதே வண்டிதான் என்றார். அவருக்கு விடுதலையும் வெகுமதிப் பணமும் கிடைத்த விவரம் பின்னால் வெளிவந்தது. பின்னர் இன்னொருவரும் அதே டிரக்கைப் பார்த்ததாகச் சாட்சி சொன்னார். சட்டம் கேட்ட ‘உறுதிப்படுத்தும் ஆதாரம்’ கிடைத்துவிட்டது.

ஆனால் அந்த டிரக் தாழ்த்தப்பட்டதே கொலை நடந்து ஆறு மாதம் கழித்துத்தான். நவம்பர் 1 அன்று அது மற்ற டிரக்குகளைப் போல உயரமாக நின்ற வண்டி. வேலை செய்த மெக்கானிக் இருந்தார். போய் ஒரு கேள்வி கேட்டிருந்தால் வழக்கு அங்கேயே உடைந்திருக்கும். ‘சட்டப்படி ஆதாரம் வேண்டும்’ என்ற விதி, ஆதாரத்தைத் தேடச் செய்வதற்குப் பதிலாக, தயாரிக்கச் செய்துவிட்டது. இந்த வழக்கில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது இந்த இடம்தான்.

கொலை நேரத்தில் மெக்மில்லியன் எங்கே இருந்தார்? வீட்டில். சர்ச்சுக்கு நிதி திரட்டுவதற்காக அவர் வீட்டு வாசலில் மீன் பொரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். நாள் முழுக்க ஜனம் வந்து போனது. வந்தவர்களில் ஒரு போலீஸ்காரரும் உண்டு. டஜன் கணக்கானவர்கள் அவரை அங்கே பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் கறுப்பர்கள்.

தீர்ப்புக்கு முன்பே மரணக் கொட்டடி

1987 ஆகஸ்டில் மெக்மில்லியனை ஹோல்மன் சிறைக்கு மாற்றினார்கள். அதுவும் சாதாரணப் பகுதிக்கு அல்ல, மரண தண்டனைக் கைதிகள் நாள் எண்ணிக்கொண்டிருக்கும் பகுதிக்கு. வழக்கு விசாரணை தொடங்கவே இல்லை. குற்றவாளி என்று ஒருவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. ஏறத்தாழ ஒரு வருடம் அங்கேயே விசாரணைக் கைதியாகக் கிடந்தார். விசாரணைக் கைதிக்கு அங்கே வேலையே இல்லை. ஆனாலும் கதவு திறந்தது, ரிஜிஸ்தரில் பெயர் ஏறியது.

இதில் இன்னொரு உள்விஷயம் உண்டு. மயர்ஸையும் அங்கேயே கொண்டுபோய் அடைத்தார்கள். சாட்சி சொல்ல மறுத்து முரண்டு பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த நாட்களில் அதே சிறையில் ஒரு கைதிக்கு மின்சார நாற்காலியில் தண்டனை நிறைவேற்றப்பட்டது. மஞ்சள் பெயின்ட் அடித்த அந்த நாற்காலிக்கு ‘யெல்லோ மாமா’ என்று பெயர். தண்டனை நிறைவேறும் நாட்களில் கருகிய நாற்றம் கொட்டடிகள் வரை வரும் என்பதைக் கைதிகள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அதன் பிறகு மயர்ஸ் வழிக்கு வந்தார். கேட்டபடி சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டார். அடித்து உதைத்து வாக்குமூலம் வாங்குவதை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே கை படவில்லை.

அடுத்தது ஜூரி. நம் நாட்டில் 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு குற்ற வழக்குகளில் ஜூரி முறை முழுசாக ஒழிந்துவிட்டது. அமெரிக்காவில் பொதுமக்கள் 12 பேர்தான் குற்றவாளியா இல்லையா என்று முடிவு செய்கிறார்கள். மன்ரோ கவுண்டியில் சுமார் 40 சதவீதம் கறுப்பர்கள். ஊரில் கொந்தளிப்பு அதிகம், நியாயமான ஜூரி கிடைக்காது என்ற காரணத்தால் வழக்கு பக்கத்துக் கவுண்டிக்கு மாற்றப்பட்டது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு நல்லது செய்வதற்காகவே ஏற்பட்ட ஏற்பாடு இது. மாற்றிய இடம் பால்ட்வின் கவுண்டி, அங்கே 86 சதவீதம் வெள்ளையர்கள். 12 பேர் ஜூரியில் 11 வெள்ளையர், ஒரு கறுப்பர். கறுப்பர் என்பதற்காகவே ஒருவரை ஜூரியிலிருந்து கழிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1986-ல்தான் தீர்ப்பளித்திருந்தது. இரண்டே வருடம் ஆகியிருந்தது.

1988 ஆகஸ்டில் நடந்த விசாரணை ஒன்றரை நாளில் முடிந்தது. ஓர் உயிரை எடுப்பதா வேண்டாமா என்ற வழக்குக்கு ஒன்றரை நாள்! மீன் விற்ற இடத்தில் மெக்மில்லியனைப் பார்த்தவர்கள் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்து சொன்னார்கள். ஜூரி நம்பியது மயர்ஸையும் டிரக் சாட்சிகளையும்தான். குற்றவாளி என்றது.

ஆனாலும் அந்த ஜூரிகூட மரண தண்டனை கேட்கவில்லை. ஆயுள் தண்டனை போதும் என்று பரிந்துரைத்தது.

நீதிபதி ராபர்ட் ஈ. லீ கீ அதை ஏற்கவில்லை. ஜூரி சொன்னதை ஒதுக்கிவிட்டு மரண தண்டனை விதித்தார். (அடிமை முறையைக் காக்க நடந்த போரில் தென்மாநிலப் படைத்தளபதியாக இருந்த ராபர்ட் ஈ. லீயின் பெயரை அப்படியே சுமந்தவர் அவர்.) இப்படி மாற்ற அலபாமா சட்டம் அவருக்கு அதிகாரம் தந்திருந்தது. காகிதத்தில் அந்த அதிகாரம் இரண்டு பக்கமும் வெட்டும். ஜூரி மரணம் என்றால் நீதிபதி ஆயுளாகக் குறைக்கவும் செய்யலாம். நடைமுறையில் என்ன ஆனது? ஸ்டீவன்சனின் அமைப்பு தொகுத்த கணக்கின்படி, 1976-க்குப் பிறகு அலபாமா நீதிபதிகள் ஜூரி முடிவை மாற்றியது 112 முறை. அதில் 91 சதவீதம் ஆயுளை மரணமாக மாற்றியவை. தேர்தலில் நிற்க வேண்டிய நீதிபதிகள் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள். 2013-ல் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி சோனியா சோட்டோமயோர் தன் மாறுபட்ட கருத்தில் இதே தேர்தல் நெருக்கடியைத்தான் காரணமாகச் சுட்டிக்காட்டினார்.

கேசட்டின் மறுபக்கம்

பிரையன் ஸ்டீவன்சன் டெலவேர் மாநிலத்தின் சிற்றூரில் 1959-ல் பிறந்தவர், ஹார்வர்டில் சட்டம் படித்தவர். 1989-ல் அலபாமாவின் மாண்ட்கமரியில் ‘ஈக்வல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ்’ என்ற அமைப்பைத் தொடங்கினார். மரண தண்டனைக் கைதிகளுக்குக் காசு வாங்காமல் வாதாடுவது அதன் வேலை. அப்போது அலபாமாவில் அரசு அமர்த்தும் வக்கீல், மரண தண்டனை வழக்குக்காகக் கோர்ட்டுக்கு வெளியே எவ்வளவு உழைத்தாலும் 1,000 டாலருக்கு மேல் வாங்க முடியாது. சாட்சிகளைத் தேடிப் போவதும் மெக்கானிக்கைப் போய்ப் பார்ப்பதும் கோர்ட்டுக்கு வெளியே நடக்கிற வேலைதான்.

ஸ்டீவன்சன் குழு செய்தது சாகசம் அல்ல. பழைய ஃபைல்களைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு காகிதமாகப் படித்தார்கள், ஒவ்வொரு கேசட்டாகப் போட்டுக் கேட்டார்கள். அப்படிக் கிடைத்த ஒரு கேசட்டில் மயர்ஸின் வாக்குமூலம் இருந்தது. போலீஸ் பதிவு செய்தது, மெக்மில்லியனைக் குற்றம் சாட்டுவது. அது முடிந்ததும் கேசட்டைத் திருப்பிப் போட்டார்கள். மறுபக்கத்திலும் மயர்ஸின் குரல். மெக்மில்லியனைப் பற்றித் தனக்கு ஒன்றுமே தெரியாது, செய்யாத ஆளை மாட்டிவிடச் சொல்லித் தன்னைக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று அதிகாரிகளிடமே ஆத்திரத்தோடு புலம்பிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்திய பிறகும் மெஷின் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் குரல் மெக்மில்லியன் கைதான நாட்களிலிருந்தே அரசாங்கத்தின் அலமாரியில் இருந்தது. விசாரணையில் அவருடைய வக்கீலுக்கு அதைக் கொடுக்கவில்லை.

அது மட்டுமல்ல. மனநலப் பரிசோதனைக்காக அரசு மருத்துவமனையில் மயர்ஸை வைத்திருந்தபோது, பொய் சாட்சி சொல்லத் தன்னை நெருக்குகிறார்கள் என்று அங்கிருந்த டாக்டர்களிடம் சொல்லியிருந்தார். அதுவும் மருத்துவக் குறிப்புகளில் இருந்தது. அதுவும் மறைக்கப்பட்டது.

1992 ஏப்ரலில், பால்ட்வின் கவுண்டியில் நீதிபதி தாமஸ் நார்ட்டன் முன்னிலையில், தண்டனையை எதிர்த்து மெக்மில்லியன் தரப்பு போட்ட மனு விசாரணைக்கு வந்தது. மயர்ஸ் கூண்டில் ஏறி, தான் அன்று சொன்னது முழுக்கப் பொய் என்றார். படத்தில் டிம் பிளேக் நெல்சன் இந்தக் காட்சியில் நடித்திருப்பதை நான் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் தீயில் வெந்த முகம், ஒரு பக்கம் இழுக்கும் வாய், யாரையும் நேராகப் பார்க்காத கண். படத்தின் நாயகர்கள் இருவரும் சிறப்பாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் படத்தின் உயிர் இவரிடம்தான் இருக்கிறது. பொய் சொன்னவனும் அந்த ஏற்பாட்டில் நசுங்கியவன்தான் என்பதை அவர் வசனமில்லாமலேயே புரியவைக்கிறார்.

விசாரணையின் இரண்டாம் நாள் நடந்ததை ஸ்டீவன்சன் எழுதியிருக்கிறார். முதல் நாள் கோர்ட் ஹால் முழுக்கக் கறுப்பர்கள், மெக்மில்லியனின் சொந்தபந்தங்கள். மறுநாள் வாசலில் மெட்டல் டிடெக்டர், பக்கத்தில் போலீஸ் நாய். முந்தைய நாள் வந்தவர்களை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே பாதி இடத்தை வெள்ளையர்களால் நிரப்பியிருந்தார்கள். வயதான கறுப்பினப் பெண் ஒருவர் நாயைக் கண்டதும் உள்ளே வர முடியாமல் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டார். 1965-ல் செல்மா பாலத்தில் ஓட்டுரிமைக்காக ஊர்வலம் போனவர்கள் மீது போலீஸும் நாய்களும் பாய்ந்ததைப் பார்த்தவர் அவர். ராத்திரி முழுக்க ஜெபம் செய்துவிட்டு, மறுநாள் காலையில் அந்த நாயைத் தாண்டி உள்ளே வந்து, தான் வந்துவிட்டதை எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

இவ்வளவுக்கும் பிறகு நீதிபதி நார்ட்டன் மனுவைத் தள்ளுபடி செய்தார். மயர்ஸ் பொய் சொல்லியிருக்கிறார் என்பது சரி, ஆனால் அன்று சொன்னது பொய்யா, இப்போது சொல்வது பொய்யா? இப்போதுதான் யாரோ நெருக்கடி கொடுத்து மாற்றிச் சொல்ல வைத்திருக்கலாம் என்பது அவருடைய நிலைப்பாடு.

படம் மாற்றிக்கொண்டவை

உண்மைக் கதை என்று வரும் படங்கள் காலத்தைச் சுருக்கும், ஆட்களைச் சேர்க்கும். அதில் தவறில்லை. ஆனால் இந்தப் படத்தில் இரண்டு மாற்றங்களைத் தெரிந்துகொண்டால் வழக்கு இன்னும் தெளிவாகப் புரியும்.

சின்னது முதலில். ராத்திரியில் காரை மடக்கி, ஸ்டீவன்சனின் தலைக்கு நேரே போலீஸ் துப்பாக்கி நீட்டும் காட்சி. அது நடந்தது, ஆனால் அலபாமாவில் அல்ல. ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டாவில், அவர் குடியிருந்த வீட்டு வாசலில். படம் அதை இந்த வழக்கோடு தொடர்புடைய மிரட்டலாக்கிக் கொண்டது. உண்மையில் அந்தப் போலீஸ்காரர்களுக்கு அவர் யார் என்றே தெரியாது. வாசலில் காரில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்த கறுப்பர், அவ்வளவுதான். உண்மைதான் இன்னும் பயங்கரமாக இருக்கிறது.

பெரியது, விடுதலை வந்த விதம். படத்தில் வழக்கு அலபாமா உச்ச நீதிமன்றத்துக்குப் போகிறது. பிறகு கடைசி கோர்ட் காட்சியில் ஸ்டீவன்சன் உருக்கமாகப் பேசுகிறார், சாப்மன் மனம் மாறி எழுந்து நிற்கிறார். உண்மையில் தண்டனையை ரத்து செய்தது அலபாமா குற்றவியல் மேல்முறையீட்டு நீதிமன்றம். 1993 பிப்ரவரி 23 அன்று, ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக. அவர்கள் மெக்மில்லியன் நிரபராதி என்று தீர்ப்பளிக்கவில்லை. மயர்ஸ் எப்போது சொன்னது உண்மை என்ற சர்ச்சையைப் பிடித்துக்கொண்டும் ரத்து செய்யவில்லை. குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆதாரத்தை அரசுத் தரப்பு மறைக்கக் கூடாது என்பது 1963-ல் பிரேடி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த விதி. மயர்ஸின் ஆரம்ப வாக்குமூலத்தை மறைத்தது அந்த விதியை மீறியது, ஆகவே மறு விசாரணை நடத்துங்கள் என்றார்கள். அந்தக் கேசட் கிடைக்காமல் போயிருந்தால், மயர்ஸ் ஊரறிய உண்மையைச் சொன்ன பிறகும்கூட மெக்மில்லியனைக் கொன்றிருக்க வாய்ப்பு உண்டு.

அதற்கு முன்பே, 1992 நவம்பரில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சி இந்த வழக்கை நாடு முழுக்கக் காட்டியிருந்தது. மாநிலப் புலனாய்வுத் துறை புதிதாக விசாரித்து, மெக்மில்லியனுக்குக் கொலையில் தொடர்பில்லை என்ற முடிவுக்கு வந்தது. வழக்கைக் கைவிடக் கோரும் மனுவில் சாப்மனும் சேர்ந்துகொண்டார். 1993 மார்ச் 2 அன்று மெக்மில்லியன் வெளியே வந்தார். மரணக் கொட்டடியில் கிட்டத்தட்ட ஆறு வருடம் போயிருந்தது.

அதே கொட்டடியில் பக்கத்தில் இருந்தவர்களைப் படம் மறக்காமல் காட்டியிருப்பதற்காக அதை மதிக்கிறேன். ஹெர்பர்ட் ரிச்சர்ட்சன் வியட்நாம் போரில் மனம் சிதைந்து திரும்பியவர், அவர் வைத்த குண்டில் ஒரு சிறுமி இறந்தாள். அவர் குற்றவாளிதான், படம் அதை மறைக்கவில்லை. 1989 ஆகஸ்ட் 18 அன்று அவர் கொல்லப்பட்டதைப் படம் நிதானமாக, கண்ணைத் திருப்பாமல் காட்டுகிறது. ஆந்தனி ரே ஹிண்டன் செய்யாத கொலைகளுக்காகக் கிட்டத்தட்ட 30 வருடம் உள்ளே இருந்து 2015 ஏப்ரல் 3 அன்று வெளியே வந்தார். அவருக்கு எதிராக இருந்தது, அம்மாவின் பழைய ரிவால்வரிலிருந்துதான் குண்டுகள் வந்தன என்ற நிபுணர் சாட்சியம். அதை முறியடிக்கத் தகுதியான நிபுணரை அமர்த்த அவர் வக்கீலால் முடியவில்லை. நிபுணருக்குச் செலவு செய்யச் சட்டம் அனுமதித்த தொகையை அந்த வக்கீல் தவறாகப் புரிந்துவைத்திருந்தார் என்பதையே காரணமாகக் காட்டி, 2014-ல் உச்ச நீதிமன்றம் வழக்கைத் திருப்பி அனுப்பியது.

1973 முதல் அமெரிக்காவில் மரண தண்டனை விதிக்கப்பட்டுப் பிறகு குற்றமற்றவர்கள் என்று விடுவிக்கப்பட்டவர்கள் 2024-ல் 200 பேரைத் தொட்டார்கள். 1976-ல் மரண தண்டனை மீண்டும் நடைமுறைக்கு வந்த பிறகு கொல்லப்பட்டவர்கள் அதே வருடத்தில் 1,600-ஐத் தொட்டார்கள். கொல்லப்பட்ட எட்டுப் பேருக்கு ஒருவர் வீதம் தப்பி வந்திருக்கிறார். கேசட்டைத் திருப்பிப் போட ஆள் இல்லாதவர்கள் இந்தக் கணக்கில் எந்தப் பக்கம் இருக்கிறார்கள்?

வெளியே வந்த பிறகு

1993 ஏப்ரல் 1 அன்று ஸ்டீவன்சனும் மெக்மில்லியனும் அமெரிக்க செனட் குழுவின் முன் போய்ப் பேசினார்கள். படம் அங்கேதான் முடிகிறது. பிறகு எழுத்தில் சில வரிகள். அந்த வரிகளுக்குள் அடங்காதது நிறைய.

மெக்மில்லியன் நஷ்ட ஈடு கேட்டு மன்ரோ கவுண்டி மீது வழக்குப் போட்டார். 1997-ல் அது அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் தோற்றார். காரணம் இதுதான்: சட்டம் ஒழுங்கு வேலையைச் செய்யும்போது அலபாமா ஷெரீஃப் கவுண்டியின் அதிகாரி அல்ல, மாநிலத்தின் அதிகாரி. எனவே அவர் செய்ததற்குக் கவுண்டி பொறுப்பாகாது. கவுண்டி ஜனங்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், கவுண்டி சம்பளம் தருகிறது, ஆனால் பொறுப்பு மட்டும் கவுண்டிக்கு இல்லை. மாநில அரசின் மீது நேராக நஷ்ட ஈடு வழக்குப் போடவும் அமெரிக்கச் சட்டத்தில் பெரிய தடைகள் உண்டு. வேறு சில அதிகாரிகளோடு கோர்ட்டுக்கு வெளியே சமரசம் ஆனது. ஷெரீஃப் டேட் அடுத்தடுத்த தேர்தல்களில் ஜெயித்துக்கொண்டே போனார். கடைசி வரை யார் மீதும் குற்றவியல் நடவடிக்கை இல்லை. சலவைக் கடையில் இறந்த அந்தப் பெண்ணைக் கொன்றவர் யார் என்பதற்கும் இன்று வரை கோர்ட் தீர்ப்பு ஒன்று இல்லை. பொய் வழக்கு ஒரு குடும்பத்துக்கு மட்டும் அநீதி செய்வதில்லை.

மெக்மில்லியன் ஊருக்குத் திரும்பி மறுபடியும் மரம் வெட்டப் போனார். விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து அதையும் விட வேண்டியதாயிற்று. கடைசிக் காலத்தில் அவருக்கு மறதி நோய் வந்தது. மருத்துவ இல்லத்தில் படுத்திருந்தபடி, தன்னை மறுபடியும் மரணக் கொட்டடியில் போட்டுவிட்டார்கள் என்று நினைத்து, காப்பாற்றச் சொல்லி ஸ்டீவன்சனைக் கேட்டாராம். 2013 செப்டம்பர் 11 அன்று இறந்தார்.

ஜூரியின் ஆயுள் தண்டனையை நீதிபதி மரண தண்டனையாக மாற்றும் அதிகாரத்தை அலபாமா 2017-ல் நீக்கியது. ஆளுநர் கே ஐவி கையெழுத்திட்டார். அப்படி ஓர் ஏற்பாட்டைக் கடைசி வரை வைத்திருந்த மாநிலம் அதுதான். ஆனால் சட்டம் அன்றிலிருந்துதான் பொருந்தும். அதற்கு முன் அப்படித் தண்டிக்கப்பட்டவர்களுக்குப் பொருந்தாது. முன்தேதியிட்டுப் பொருத்தக் கோரும் மசோதாக்கள் சட்டமன்றத்துக்கு வந்தன, நிறைவேறவில்லை. கென்னத் ஸ்மித் என்ற கைதிக்கு 12 பேர் ஜூரியில் 11 பேர் ஆயுள் போதும் என்றார்கள், நீதிபதி மரணம் என்றார். அவர் கொலையில் பங்கெடுத்தவர்தான், நிரபராதி அல்ல. 2024 ஜனவரி 25 அன்று, முகமூடி வழியே நைட்ரஜன் வாயுவைச் சுவாசிக்க வைத்து ஒருவரைக் கொல்லும் முறையை உலகிலேயே முதல்முறையாக அவரிடம்தான் நிறைவேற்றினார்கள். அடுத்த வருடம், அதேபோல் ஜூரி ஆயுள் சொல்லியும் நீதிபதி மரணம் விதித்த வேறொரு கைதியின் தண்டனையை, கொல்ல அனுமதிக்கும் அளவுக்கு அவருடைய குற்றம் பற்றித் தனக்கு உறுதியில்லை என்று சொல்லி, அதே ஆளுநர் ஐவி ஆயுளாகக் குறைத்தார். நீதிபதிகள் மாற்றி எழுதிய மரண தண்டனையோடு இன்னும் பலர் அலபாமா சிறைகளில் இருக்கிறார்கள்.